அப்பா பேரில் இருந்த சங்கிலி

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், மேலத்தெரு அத்தை பீடித் தட்டோடு வந்து எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அத்தை என்றால் ரத்த உறவு இல்லை. அப்பாவை அவள் அண்ணாச்சி என்பாள், அம்மாவை மைனி என்பாள், அதனால் எனக்கு அத்தை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலையை நறுக்கத் தொடங்கினாள். யாரையும் கூப்பிடவில்லை, எதுவும் கேட்கவில்லை. கத்தரிச் சத்தம் மட்டும் அடுக்களை வரைக்கும் கேட்டது.

"என்னட்டி இது, சத்தியாகிரகமா?" என்றான் அண்ணன் என்னிடம், ஜன்னல் வழியாகப் பார்த்து.

அவள் ஏன் வந்து உட்கார்ந்தாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம், பந்தல்காரர் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, அவள் பைய வந்து அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மைனி, துட்டி வீட்டுல வந்து கேக்கக் கூடாதுதான். ஆனா பிள்ளைக்கு ஆவணியில கல்யாணம். அண்ணாச்சி பேர்ல எஞ் செயினு பேங்குல கெடக்கு. நீங்க மூணு பேரும் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் தருவாவளாம். பணத்த நானே கெட்டிருதேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எது, பேங்குல கெடக்க செயினா? அது என் சங்கிலிலா?"

அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சில் வீடு இரண்டாகிவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊரில் நஞ்சை வைத்திருப்பவர், தன் பட்டாவைக் காட்டி பேங்கில் நகையை வைத்தால் அது விவசாயக் கடன். வட்டி குறைவு. நிலமில்லாதவர் அதே நகையை வைத்தால் வட்டி அதிகம். அடகுக்கடை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் நிலமில்லாதவர்கள் நிலமுள்ளவரிடம் நகையைக் கொடுத்து, "உங்க பேர்ல வச்சுத் தாங்க" என்பார்கள். வருஷா வருஷம் வட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள், இவர் போய்க் கட்டித் திருப்பி வைப்பார். சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. சீட்டுக் கேட்டால் மனுஷனை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். பேங்குக்கு இது தெரியுமா என்றால், தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் யோசித்த ஊர், பேர் கொடுத்தவர் திடீரென்று செத்துப்போனால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிக்கவே இல்லை.

அப்பா திடீரென்றுதான் போனார். வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவர் வரப்பிலேயே விழுந்துவிட்டார். யாரிடமும் எதையும் சொல்ல நேரமில்லை.

பீரோவைத் துழாவியதில் பேங்க் அட்டை ஒன்றுதான் கிடைத்தது. அப்பா பேர், செயின் ஒன்று, எடை. அவ்வளவே. என்ன மாதிரிச் செயின் என்று இல்லை. அத்தை தன்னுடையது முறுக்குச் செயின் என்றாள். பீடிக் கம்பெனியில் கிடைத்த போனஸையெல்லாம் பல வருஷம் சேர்த்து வாங்கியது, வீட்டுக்குக் கான்கிரீட் போடுவதற்காக வைத்தது. அம்மா தன்னுடையது கோதுமைச் சங்கிலி என்றாள். தாத்தா அவளுக்குக் கல்யாணத்தில் போட்டது. கால்வாயில் தண்ணீர் வராமல் பிசான நெல் காய்ந்துபோன வருஷத்தில் அப்பா கேட்டார், பேங்கில் வைத்துவிட்டு அடுத்த அறுப்பில் திருப்பித் தருகிறேன் என்றார். அவள் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். எடையைக் கேட்டால் இரண்டு பேருமே "அதே அளவுதான் இருக்கும்" என்றார்கள். பேங்கில் போய்க் கேட்டோம். கடனைக் கட்டி முடிக்காமல், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடாமல், பாக்கெட்டைப் பிரிக்க முடியாது என்று மேனேஜர் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

அம்மா பொய் சொல்லுகிறவள் இல்லை. அதை நான் எந்தக் கோயிலிலும் வந்து சத்தியம் செய்வேன். சங்கிலியைக் கொடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு அறுப்புக்கும் அவள் அப்பாவிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். "எஞ் சங்கிலி எப்ப வரும்?" என்பாள். "இந்தா, நெல்லு போட்டதும் திருப்பிருவோம்" என்பார் அப்பா. அதனால் அத்தை கேட்டபோது எனக்குத்தான் முதலில் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"செத்த வீட்டுல வந்து எங்க அம்மாவப் பொய்க்காரி ஆக்குதியளா அத்த? ஆள் இல்லன்னு தெரிஞ்சதும் வந்துட்டியளோ?" என்றேன்.

அத்தையின் முகம் சுண்டிவிட்டது. அண்ணன் அதற்கு மேலே போனான். "ஆதாரம் என்ன இருக்கு? ஒரு பேப்பர் காட்டுங்க பாப்போம்."

"ஆதாரமா?" என்றாள் அவள். "மருமவனே, உங்க அப்பாதான் ஆதாரம்."

அதைக் கேட்ட பிறகும் எங்களுக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. தங்கம் விற்கிற விலையில் யார்தான் சட்டென்று விடுவார்கள்? அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "தாலியையே கழட்டியாச்சு. இனிமே எங்கப்பன் போட்டதையும் குடுத்துட்டு மொட்டையா நிக்கணுமாக்கும்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அத்தை எழுந்து போனாள். மறுநாள் காலையில்தான் தட்டோடு வந்தாள்.

அன்றைக்குப் பூராவும் உட்கார்ந்திருந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் சைக்கிளை மிதிப்பதை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரியும். அப்பா பேரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுகிற ஊர் அது. அந்தப் பேர் இப்போது எங்கள் வாசலில் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது.

அத்தைக்கும் வேறு வழி இல்லை. மாப்பிள்ளை வீடு விக்கிரமசிங்கபுரம், மில்லில் வேலை பார்க்கிற குடும்பம். பேராசைக்காரர்கள் இல்லை, அந்த ஒரு செயினைத்தான் கேட்டிருந்தார்கள். நிச்சயத்தன்றே அத்தை ஒத்துக்கொண்டு தாம்பூலத் தட்டை மாற்றியிருந்தாள். செயின் வராவிட்டால் கல்யாணம் நிற்கும். நின்றால், பேங்கில் வேறொருவர் பேரில் கிடக்கிறது என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இரண்டாம் நாள் வெயில் ஏறியபோது அம்மா ஒரு டம்ளர் காப்பியை என் கையில் கொடுத்தாள். "அவளுக்குக் குடுத்துட்டு வா. பேச்சுக் குடுக்காத."

நான் கொண்டுபோய் வைத்தேன். அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. காப்பியை மட்டும் குடித்தாள்.

இதற்கிடையில் அப்பாவின் மற்றக் கணக்குகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன. மண்வெட்டியும் மருந்தடிக்கிற மிஷினும் பக்கத்து வயல்காரருக்குப் போயின. சட்டை வேட்டிகளை வண்ணாரிடம் கொடுத்தாயிற்று. அப்பாவின் கைக்கடிகாரத்தை அண்ணன் எடுத்துக்கொண்டான், எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். டிராக்டர்காரர் வந்தார், உழவுப் பாக்கி சொன்னார், வாங்கிக்கொண்டு போனார். உரக்கடை அண்ணாச்சி வந்தார். திருநீறு பூசிய நெற்றியோடு அப்பா படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு தொகை சொன்னார். அண்ணன் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தான்.

அவர் போனதும் எனக்கு மறுபடியும் பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை திசை மாறி.

"அண்ணே, உரக்கடைக்காரர்கிட்ட ஆதாரம் கேட்டியா நீ?"

"அவரு கடை வச்சிருக்காருட்டி. பொய்யா சொல்லுவாரு?"

"ஓஹோ! கடை இருந்தா நம்பலாம். மடியில தட்டு இருந்தா நம்பக் கூடாதாக்கும்."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு ஒரு நிமிஷம் நின்றது, பிறகு மறுபடி ஆடியது. சாயங்காலம் அவளே வாசலுக்குப் போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏளா, எந்திரி. வெயில்ல கெடந்து சாவாத. வாரிசு சான்று வந்ததும் எல்லாரும் பேங்குக்குப் போவோம். ஒன் பணத்தைக் கொண்டா, கெட்டுவோம். பாக்கெட்ட பிரிப்போம். முறுக்கா இருந்தா நீ எடுத்துட்டுப் போ. கோதுமையா இருந்தா ஒன் பணத்த அந்த எடத்துலயே எம் மவன் குடுத்துருவான். அப்புறம் இந்த வாசலுக்கு நீ வரக் கூடாது."

"சரி மைனி" என்றாள் அத்தை. தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தாலுகா ஆபீசிலிருந்து சான்றிதழ் வர ஆடி முடிந்துவிட்டது. அண்ணன் தான் வேலை பார்க்கிற கோயம்புத்தூருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். அவனுக்கும் அங்கே சுகமில்லை. சில வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் ஆள் குறைத்தபோது வேலை போய், வீட்டுக் கடன் கட்ட முடியாமல் திண்டாடியிருக்கிறான். இப்போதுதான் தலை நிமிர்ந்திருந்தான். லீவு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று வந்ததிலிருந்து சிடுசிடுத்துக்கொண்டே இருந்தான்.

அந்த நாட்களில் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. எப்படிப் பார்த்தாலும் வழி தெரியவில்லை. கோதுமைச் சங்கிலி என்றால் அத்தை பொய்க்காரி, அவள் பிள்ளையின் கல்யாணம் போயிற்று. முறுக்கு என்றால்? முறுக்கு என்றால் அம்மாவின் சங்கிலி எங்கே? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் வேறு ஏதாவது வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இரண்டு பாக்கெட் இருக்கும், ஒரு அட்டை தொலைந்திருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாளோ என்னமோ. பேங்குக்குக் கிளம்பின காலையில் அவள் ஒரு சின்னத் துணிப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சங்கிலியைப் போட்டுக் கொண்டுவர.

பேங்கில் நல்ல கூட்டம். அத்தை எங்களுக்கு முன்னாலேயே வந்து, மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றாள். பி.எஃப். பணத்தை எடுத்திருந்தாள், மீதிக்கு எங்கெங்கோ கைமாற்று. கவுன்ட்டரில் பணத்தை வாங்கி மிஷினில் போட்டபோது அவள் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் மேனேஜர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டோம். அம்மா கையெழுத்துப் போட வெகுநேரம் எடுத்தாள்.

மதிப்பீட்டாளர் பாக்கெட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முத்திரையைக் காட்டினார். ஓரத்தை வெட்டித் தட்டில் கவிழ்த்தார்.

முறுக்குச் செயின்.

அத்தையின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். நான் அம்மாவைப் பார்க்கப் பயந்து அண்ணனைப் பார்த்தேன்.

"சார், இன்னொரு பாக்கெட் இருக்கும். அப்பா பேர்லதான். கொஞ்சம் பாருங்க" என்றான் அவன்.

மேனேஜர் கம்ப்யூட்டரில் பார்த்தார். "இது ஒண்ணுதான் சார்."

"முன்னால வச்சு எடுத்திருப்பாங்களோ?"

அவர் மறுபடி பார்த்தார். "இல்லயே. அவர் பேர்ல இங்க வச்ச நகையே இது மட்டும்தான்."

அப்பா அந்தச் சங்கிலியை பேங்குக்குக் கொண்டுபோகவே இல்லை. கொண்டுபோகாத சங்கிலியைத்தான் அறுப்புக்கு அறுப்பு திருப்பித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்பா மேல் அப்போது வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? படத்தில் இருக்கிற மனுஷனின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அண்ணன் மெல்ல அம்மா பக்கம் திரும்பினான். அத்தையும் திரும்பினாள். மேனேஜர்கூடக் கையை மேஜையில் வைத்தபடி காத்திருந்தார்.

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நெற்றியில் கையால் அடித்துக்கொண்டாள்.

"எம் புத்தியில தீய வைக்க! எஞ் சங்கிலிய நாந்தானே விக்கச் சொன்னேன். அந்த வருசமே வித்தாச்சுலா. ஒங்க அப்பாவும் வித்துட்டுத் துட்ட எங்கையிலதான் குடுத்தாவ. சுத்தமா மறந்தே போச்சு பாத்துக்கிடுங்க."

தட்டிலிருந்து செயினை எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "இந்தா, ஏளா. ஒங்க அண்ணாச்சி ஒன் பொருள பத்திரமாத்தான் வச்சிருந்திருக்காவ. கிழவி நாந்தான் தடுமாறிட்டேன். மனசுல வச்சுக்கிடாத."

பிறந்த வீட்டுச் சங்கிலியை விற்றதை எந்தப் பெண்ணாவது மறப்பாளா? அங்கே நின்ற ஒருவரும் அதை நம்பவில்லை. மேனேஜர் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை, "மைனி…" என்று தொடங்கினாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அத்தைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஆமா மைனி, வயசானா மறக்கத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து இன்று வரை ஊரில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். அண்ணன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "அம்மா, எனக்கு வேலை போன வருஷம், வீட்டுக் கடனுக்கு அப்பா மொத்தமா ஒரு பணம் அனுப்பினாரு. ஏதுப்பான்னு கேட்டேன். நெல்லு போட்டதுன்னாரு. அந்த வருஷம் நெல்லே…"

"வாய மூடுலே. நடுரோட்டுல நின்னுக்கிட்டு."

அந்த வருஷம் நெல்லே விளையவில்லை. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

ஆட்டோ ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அம்மா இடுப்பிலிருந்த துணிப்பையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அண்ணன் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தான். அவனுக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னாள்:

"வித்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாட்டி. நான் என்ன, கொன்னா போட்டுருப்பேன்? பெத்த பிள்ளைக்குன்னு சொன்னா நான் வேண்டாம்னா சொல்லுவேன்? என்னை அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கு அந்த மனுசனுக்கு. இத்தன வருசம் ஒரே வீட்டுல இருந்து."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க விட்டாள்.

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும்போது பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்தான். அம்மா அப்பா படத்துக்கு முன்னால் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தீபாவளிக்கு வரும்போது அதே மாதிரி கோதுமைச் சங்கிலி வாங்கிட்டு வாரேம்மா. எம் பொறுப்பு. உரக்கடைக்குக் குடுத்தேன், டிராக்டருக்குக் குடுத்தேன். உனக்குக் குடுக்க மாட்டேனா?"

அம்மா திரும்பவில்லை. திரியை நிமிண்டிவிட்டுச் சொன்னாள்.

"அதெல்லாம் வேண்டாம்லே. அது உங்க அப்பா எனக்குத் தரவேண்டியது. நீ குடுத்து அது தீராது."